பத்திரிகையில் ஏறாத துட்டு

கூடலூரில் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு சின்னக்கருப்பு மேல்தான் விழும். தப்பித்தவறித் தரையில் விழுந்தாலும், குனிந்து அதை எடுத்துத் திட்டுகிறவர் பேரும் சின்னக்கருப்பாகத்தான் இருக்கும். குலசாமி கருப்பு என்பதால் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு அந்தப் பேரை வைத்து வைத்து, ஒரே தெருவில் மட்டும் ஏழு பேர் தேறிவிட்டார்கள். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் மூன்றே மாதத்தில் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டார். அந்த உத்தரவும் எந்தச் சின்னக்கருப்பு வீட்டுக்கோ போய்விட்டதாகக் கேள்வி.

அதனால் ஊர் தன் பாட்டுக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. சேவல் வளர்த்தவர் கோழி சின்னக்கருப்பு. தெருவுக்கு முதலில் ரேடியோ வாங்கினவர் மகன் ரேடியோ சின்னக்கருப்பு. வாயைத் திறந்தால் பஸ் கம்பம் போய்ச் சேரும் வரைக்கும் மூடாதவர் ஒருவர் இருக்கிறார், அவர் ஊமை சின்னக்கருப்பு. வாக்காளர் பட்டியலில் இல்லாத இந்தப் பேர்கள் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும். பட்டப்பேர் போடாத பத்திரிகையை அந்தத் தெருவில் யாரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை.

நம்ம ஆள் துட்டு சின்னக்கருப்பு. வயது ஐம்பத்து நாலு. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை விடியும்போது ஜீப்பில் ஏற்றி, குமுளி மலை ஏறி, கேரளத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டி வருகிற வேலை. ஜீப்பின் வயதைப் பெரியாறு அணையிடம்தான் விசாரிக்க வேண்டும். அதில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டால், எப்போது கேட்டாலும், "இன்னும் ரெண்டு பேரு" என்பார்.

"துட்டண்ணே, ஒங்களுக்கு ஏண்ணே துட்டுன்னு பேரு?" என்று மலையேறும்போது யாராவது வாயைக் கிளறுவார்கள். வளைவுக்கு ஒரு கதை வைத்திருந்தார். முதல் வளைவில், அவருடைய தாத்தா கிணறு வெட்டும்போது தண்ணீருக்குப் பதிலாகக் காசு ஊறியது. நாலாவது வளைவில், அதே தாத்தா சின்ன வயதில் ஓட்டைக் காலணாவை விழுங்கிவிட்டு, சாகும் வரைக்கும் தும்மினால் விசில் சத்தம் வந்தது. மாதா கோயில் தாண்டியதும், வெள்ளைக்காரத் துரைக்கே தாத்தா கைமாற்றுக் கொடுத்து, அது இன்னும் திரும்பி வரவில்லை. பெண்கள் சிரிக்கிற சிரிப்பில் ஜீப் ஒரு கியர் கூடுதலாக ஏறும்.

உண்மையான கதை ஒன்றும் இருந்தது. அதில் சிரிப்பு வராது என்பதால் அவர் அதைச் சொன்னதில்லை.

அவருடைய ஒரே மகள் கயல். உத்தமபாளையம் கல்லூரியில் பி.காம் முடித்தவள். அவளுக்குப் பழனிசெட்டிபட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. சுரேஷ்கண்ணன், தேனியில் ஒரு பேங்கில் வேலை. மாப்பிள்ளையின் அம்மா ஜோதிலட்சுமி பள்ளிக்கூட டீச்சர். நிச்சயதார்த்தம் முடிந்து பத்திரிகை மாதிரியைப் போனில் அனுப்பி வைத்தார் சின்னக்கருப்பு. மறுநாள் டீச்சர் கூப்பிட்டாள்.

"அண்ணே, பத்திரிகை பாத்தேன். எல்லாம் நல்லாருக்கு. அந்த ஒத்த வார்த்தைய மட்டும் எடுத்துருங்க."

"எந்த வார்த்தை தங்கச்சி?"

"அதான்... ஒங்க பேருக்கு முன்னால இருக்கறது."

"'சின்ன'ங்கறதையா?"

"அதுக்கும் முன்னால."

சின்னக்கருப்பு போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார்.

"தப்பா நெனைக்காதீக அண்ணே. பையன் பேங்க்ல இருக்கான். மாமனார் பேரு துட்டுன்னா அங்கன சும்மா விடுவாகளா? எங்க சொந்தக்காரக வேற, வட்டிக்கு விடுற குடும்பமான்னு கேக்காக. எனக்குப் பதில் சொல்ல முடியல."

வட்டிக்கு விடுகிற குடும்பத்தின் ஜீப்பில் நாலு டயரும் சேர்ந்து ஒரு டயருக்குத்தான் தேயாத பட்டன் தேறும். அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"சரி தங்கச்சி. எடுத்துருவோம்."

மனைவி ராக்கம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சொன்னாக?"

"என் பேரு மாட்டு வண்டி மாதிரி நீளமா இருக்காம். கொஞ்சம் கத்தரிக்கணுமாம்."

கயலுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அத்தகிட்டப் பேசட்டுமாப்பா?"

"நீ ஒண்ணும் பேச வேணாம் ஆத்தா. நாளைக்கு அந்த வீட்ல ஒலை வைக்கப் போறவ நீ. ஒரு காயிதத்துல பேரு இல்லாட்டி நான் தேஞ்சா போயிருவேன்?"

சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தாகம் எடுக்கவில்லை. கையும் வாயும் சும்மா இருக்கக் கூடாது என்று குடித்தார். மகள் கல்யாணத்துக்கு அவர் பேர் சொல்லி வருகிறவர்கள் பூராவும் துட்டைத்தான் அறிவார்கள், சின்னக்கருப்பை அல்ல. அது அவருக்குத் தெரியும். ஆனால் பிள்ளை வாழப்போகிற வீட்டில் முதல் பேச்சே முகத்தைச் சுளிக்க வைக்கக் கூடாது.

அச்சகம் வைத்திருந்த எபனேசர், கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி மூன்றையும் முப்பது வருடமாக ஒரே முகத்தோடு அடித்துத் தருகிறவர். அடிக்க வருகிற எல்லாவற்றையும் படித்துவிடுகிற பழக்கமும் உண்டு.

"துட்ட எடுக்கணுமா? ஏம்ப்பா?"

"சம்பந்தியம்மாவுக்கு வார்த்தை புடிக்கலயாம்."

"புடிக்காம போறதுக்கு அது நம்ம வார்த்தையே இல்லயேப்பா. டச்சுக்காரன் வார்த்தை."

"யாரு அவன்? எந்தத் தெரு?"

"கப்பல்ல வந்தவன். போன வருசம் ஒரு காலேசு மலர் அடிச்சேன், அதுல போட்டிருந்தாக. தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் ஏவாரத்துக்கு வந்தப்ப டொய்ட்டுன்னு ஒரு செப்புக்காசு கொண்டு வந்தானாம். நம்ம சனம் வாயில விழுந்து அது துட்டாயிருச்சு."

"எம்புட்டுப் பெரிய காசு?"

"எங்கன பெருசு? ரொம்பச் சின்னக் காசு. ஏழைபாழை கையில பொழங்குனது."

சின்னக்கருப்புக்கு முகம் வாடிவிட்டது. இத்தனை வருடம் கிணற்றில் ஊறிய காசு ஒரே நிமிடத்தில் வற்றிப்போனது. "அம்புட்டுச் சின்னக் காசு பேரு, எல்லாப் பணத்துக்கும் எப்படிப்பா ஆச்சு? லச்ச ரூவா வச்சிருக்கவனையும் துட்டுக்காரன்னுதான சொல்றோம்?"

எபனேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒலகத்துல ஏழைபாழைதானப்பா நெறைய. அவுக கையில எது இருந்துச்சோ, அதுக்குத்தான பேரு."

சின்னக்கருப்பு அதைக் கொஞ்ச நேரம் வெற்றிலை மாதிரி வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "பதிலுக்கு நம்மகிட்ட இருந்து வெள்ளக்காரன் ஒண்ணும் கொண்டு போகலயா?"

"நம்ம காசுதான் இங்கிலீஸ்ல கேஷ் ஆச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லுது. இல்லவே இல்லைன்னு இன்னொரு கூட்டம் சொல்லுது."

"நான் மொதக் கூட்டத்துல சேந்துக்கறேன். அப்பன்னா டச்சுக்காரன் எனக்குப் பங்காளி முறை. அவனுக்கும் ஒரு பத்திரிகை எடுத்து வையி."

எபனேசர் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினார். துட்டு போய்விட்டது. மூன்று தலைமுறைப் பேர் போவதற்கு ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லை. தாத்தாவின் விசில் சத்தமும் கேட்கவில்லை.

"அங்கன கொஞ்சம் எடம் காலியாக் கெடக்கே," என்றார் சின்னக்கருப்பு.

"இழுத்து நடுவுல வச்சுரலாம்ப்பா. தெரியாது."

தெரிந்தது. ஒரே வாரத்தில் தெரிந்தது.

உள்ளூரில் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய்க் கொடுத்ததில் குழப்பம் இல்லை. மலைமேல் இருந்த சனத்துக்குத்தான் பத்திரிகையைப் போட்டோ எடுத்து, அவர்களிடம் நம்பர் இல்லாத கயலின் போனிலிருந்து அனுப்பியிருந்தார். முப்பது வருடமாக அவர் ஜீப்பில் ஏறி இறங்கியவர்கள், தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள், குமுளி ஜீப் ஸ்டாண்டுக்காரர்கள் என்று ஒரு மலைப்பாதை நிறைய ஆட்கள். பத்திரிகையில் இருந்ததோ "மு. சின்னக்கருப்பு, கூடலூர்". அந்த ஆளை ஈரேழு உலகத்தில் யாருக்கும் தெரியாது.

முதலில் வந்தவர் கோழி சின்னக்கருப்பு.

"ஏலே துட்டு, எனக்கு எப்படா மக பொறந்தா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"கொமுளி ஜீப் ஸ்டாண்டுல இருந்து நம்ம மலையாளத்தான் வின்சென்ட் போன் போட்டு, மகளுக்குக் கல்யாணமாமே, சந்தோசங்கறான். மூணும் ஆம்பளப் பிள்ளையாப் பெத்துட்டு ஒரு பொட்டப்பிள்ள இல்லையேன்னு என் பொண்டாட்டி இருவது வருசமா அழுதுட்டு இருக்கா. ரெண்டு வாழத்தாரு வேற ஏத்தி விட்டுருக்கான்."

"தாரு எங்க?"

"பழுத்துருச்சு."

"பழுத்து?"

"பழுத்தா என்னடா செய்வாக? திங்கத்தான செய்வாக."

அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் மலையேறும்போது முன் சீட்டில் இருந்த சுப்புத்தாய் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை. சுப்புத்தாய் அதே தெருக்காரி, இருபது வருடமாக அவருடைய ஜீப்பில் ஏறுகிறவள்.

"அண்ணே, மேல தோட்டத்துல நம்ம சனம் பூராம் வருத்தமா இருக்குண்ணே. துட்டு மக கல்யாணத்துக்கு நமக்குப் பத்திரிகை வரலையேங்கறாக."

"அம்புட்டுப் பேருக்கும் அனுப்புனேனே ஆத்தா!"

"மு. சின்னக்கருப்புன்னு எவரோ அனுப்பிருக்காருன்னு அழிச்சுட்டாகளாம். எலக்சன் நோட்டீசுன்னு நெனச்சுட்டாக."

அன்றைக்கு எந்த வளைவிலும் கதை இல்லை. இறங்கின இடங்களில் எல்லாம் போன் போட்டு, "நான்தான்ப்பா துட்டு பேசுறேன்" என்று ஆரம்பித்தார். பத்துப் பேரைப் பிடிப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டது. மலைமேல் பாதி நேரம் டவர் கிடையாது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பக்கம் நிறைந்து வழிய, பெண்ணின் பக்கம் நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருப்பது போல ஒரு காட்சி மனசுக்குள் வந்து வந்து போனது. கயல் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருப்பாள்.

"டீச்சரம்மாட்டச் சொல்லிருங்க. மறுபடி அடிச்சுக்குவோம்," என்றாள் ராக்கம்மாள்.

"சரின்னு ஒரு தடவ சொல்லியாச்சு. இப்ப மாத்திப் பேசுனா, இந்தாளு சரின்னா இல்லைன்னு அர்த்தம்னு ஆயிரும்."

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்ட வேலை இல்லாத நாள். தெருமுனையில் ஜீப்பை நிறுத்தி, அடியில் படுத்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார் சின்னக்கருப்பு. மேலே ஒரு பனியன், அதில் துணியை விட ஓட்டை அதிகம். கீழே ஒரு லுங்கி, அது ஜீப்பைத் துடைக்கக் கூட லாயக்கில்லாதது. முகம் பூராவும் கறுப்பு ஆயில்.

பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒரு ஜோடிச் செருப்பும் அரக்குக் கரைச் சேலையும் வருவது சக்கரத்துக்கு இடையில் தெரிந்தது.

"தம்பி, சின்னக்கருப்பு வீடு எது?"

மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கிற குரல். ஜோதிலட்சுமி டீச்சரேதான். முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவு வாங்க, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருந்தாள். முன்பு ஒரே தடவை, பெண் பார்க்கத் தரகரோடு காரில் வந்தது; நிச்சயதார்த்தம் தேனியிலேயே முடிந்திருந்தது. போன் போடலாம் என்றால், பஸ்ஸில் சீரியல் பார்த்தே சார்ஜ் தீர்ந்திருந்தது.

சின்னக்கருப்பு வெளியே வரத் துடித்தார். லுங்கியைப் பார்த்தார். இந்தக் கோலத்தில் சம்பந்தியம்மா முன்னால் நிற்பதற்குப் பதில் ஜீப் தன்மேல் ஏறிவிடலாம். அசையாமல் கிடந்தார்.

"எந்தச் சின்னக்கருப்பு?" என்றது அடுத்த தெருச் சைக்கிள் ஒன்று.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காரே."

"ஓ, கோழியா! அவருக்குத்தான் வாழத்தாரெல்லாம் வந்து எறங்குச்சு. அந்தா மூணாவது வீடு."

செருப்பு போனது. ஆள் இல்லாத வீட்டில் சேவல் துரத்தியிருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் போனதை விட வேகமாகத் திரும்பியது. அடுத்து யாரோ கைகாட்ட, ரேடியோ வீட்டுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தது. அதற்கடுத்து ஊமை சின்னக்கருப்பு வீடு. அங்கே போனது, கேள்வி கேட்க இடம் கிடைக்காமல் கால் மணி நேரம் திரும்பவில்லை. திரும்பியபோது செருப்பு மண்ணுக்குள் போய், சேலைக் கரையும் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. டீச்சர் ஜீப்பின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அடியில் கிடந்தவர் நெற்றியில் ஆயில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

தண்ணீர்க் குடத்தோடு சுப்புத்தாய் வந்தாள். "யாரும்மா வேணும், இந்த வெயில்ல?"

"சின்னக்கருப்பு வீடும்மா. ஜீப்பு ஓட்டுறவரு."

"ஜீப்பு ஓட்டுற சின்னக்கருப்பே நாலு பேரு இருக்காகளே. எந்தச் சின்னக்கருப்பு?"

சேலைக் கரை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை அசைந்தது.

"துட்டு," என்றாள் டீச்சர், காற்றுக்குச் சொல்வது போல.

"யாருன்னீக?"

"துட்டு! துட்டு சின்னக்கருப்பு!"

எதிர்வீட்டுக் கூரையில் இருந்த காக்கா பறந்து போனது. மலைமேல் தோட்டத்துக்கே கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

"அட, நம்ம துட்டு வீடா! மொதல்லயே அப்பிடிக் கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு மோரும் குடுத்துருப்பாகளே. நீங்க யாரு?"

"மாப்பிள்ளைக்கு அம்மா."

குடம் இடுப்பிலிருந்து கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்தது. "அப்ப அந்தப் பேர எடுக்கச் சொன்னது நீங்கதானா?"

டீச்சர் சேலைக் கரையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள்.

"அவுக தாத்தாவுக்கு வந்த பேரும்மா அது. அப்ப நம்ம சனம் மலைமேல தேயிலைக் காட்டுலயே கெடக்கும். ஆறு மாசத்துக்கு ஒருக்கத்தான் வீட்டுக்கு வரும். அவுக கூலிய அந்தத் தாத்தாதான் வாங்கிட்டு, காட்டுப் பாதையில நடந்தே கொண்டாந்து வீட்ல குடுப்பாராம். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால வீட்டுக்கு ஒரு துணி வச்சிருந்தாரு. எங்க வீட்டு முடிச்சுக்குப் பச்சத் துணி. கோழி வீட்டுக்குச் செவப்பு. ஒரு முடிச்சுக்கூட மாறுனதில்ல, ஒரு காசு கொறஞ்சதில்லன்னு எங்க வீட்ல இன்னும் சொல்லுவாக. தூரத்துல அவரு தலை தெரியவும் பிள்ளைக பூராம் 'துட்டு வந்துருச்சு, துட்டு வந்துருச்சு'ன்னு ஓடுமாம். அன்னைக்குத்தான அடுப்பு எரியும்."

சின்னக்கருப்புக்கு ஜீப்புக்கு அடியில் கண் கரித்தது. ஆயில் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். போதும் ஆத்தா என்று சொல்லத் தலையைத் தூக்கினவர் சைலன்சரில் நங்கென்று முட்டிக்கொண்டார்.

"அந்தா, அடியிலதான் கெடக்காக," என்றாள் சுப்புத்தாய். "எந்திரிச்சு வாங்கண்ணே, விருந்தாளி வந்துருக்காக."

தவழ்ந்து வெளியே வந்த உருவத்தைப் பார்த்து டீச்சர் ஒரு அடி பின்னால் போனாள். கண்ணும் பல்லும்தான் வெள்ளை.

"வாங்க தங்கச்சி," என்றார் சின்னக்கருப்பு, லுங்கியின் கிழிசலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. "வீடு கண்டுபிடிக்கச் செரமமா இருந்துச்சா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். தோளில் இருந்த பை குலுங்கியது.

வீட்டில் ராக்கம்மாள் மோர் கொடுத்தாள். கயல் அளவு ஜாக்கெட்டை எடுத்து வைத்தாள். டீச்சர் மோரை முழுசாகக் குடித்துவிட்டு, முகம் கழுவி வந்த சின்னக்கருப்பைப் பார்த்தாள்.

"அந்தத் துணி முடிச்சுக் கதை நெசமாண்ணே?"

"நெசந்தான் தங்கச்சி. சிரிப்பு வராத கதை. அதான் யார்ட்டயும் சொல்றதில்ல."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாமே."

"வேணாம்னுட்டீக. அதுக்கப்புறம் சொன்னா, வேணும்னு கேக்குற மாதிரி ஆயிருமே."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு கயலிடம் திரும்பினாள். "பத்திரிகை மிச்சம் இருக்காம்மா? ஒண்ணு எடுத்துட்டு வா."

கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். சிவப்பு மைப் பேனா. இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் தப்பை மட்டுமே திருத்திய பேனா. மு. சின்னக்கருப்பு என்று நடுவில் இழுத்து வைத்திருந்த பேருக்கு மேலே ஒரு கூரை மாதிரிக் குறி போட்டாள்.

"சின்ன எழுத்தாப் போடுங்க தங்கச்சி. காசே ரொம்பச் சின்னதுதானாம். எபனேசர் சொன்னாக."

"எழுத்தச் சின்னதா எழுதுனா எங்கிட்டப் படிக்கிற பிள்ளைகளக் குட்டுவேன்," என்று சொல்லிவிட்டு, மற்ற எழுத்தைப் போல இரண்டு மடங்கு பெரிதாகத் துட்டு என்று எழுதினாள்.

"பேங்க்ல மாப்ளயக் கேலி பண்ணுவாகளே?"

"பண்ணட்டும். தாத்தா நடந்தே செஞ்ச பேங்க் வேலையத்தான் நீங்க ஏசில உக்காந்து செய்றீகன்னு அவுககிட்டச் சொல்லச் சொல்றேன்."

கயல் அந்தப் பத்திரிகையைப் போட்டோ எடுத்து மலைக்கு அனுப்பினாள். சின்னக்கருப்பு அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். டவர் இருந்த இடங்களிலிருந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. துட்டண்ணே நம்ம கயலுக்கா. துட்டு மாமா ரெண்டு வண்டில வர்றோம். ஏலே துட்டு, சொல்லவே இல்ல. அவர் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினார். டீச்சரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

கடைசியாக வின்சென்ட் குமுளியிலிருந்து போனிலேயே கூப்பிட்டான்.

"எடா துட்டே, இது நின்டெ மோளா?"

"என் மகதான்டா."

"அப்ப நான் ஏத்தி விட்ட வாழத்தாரு?"

சின்னக்கருப்பு மூன்றாவது வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தின்ன ஆள் இல்லாத கடைசிச் சீப்பை, கோழி தன் சேவலுக்கு உரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.